கேத்திச் சாலையோரக் கடையின் 5 கிலோ சணல் பை

நீலகிரி மலையின் கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறிய கடையில், ஊட்டி உருளைக்கிழங்கை 5 கிலோ சணல் பையில் வாய் தைத்துத் தருகிறார்கள். கிழங்கு கழுவப்படாமல், செம்மண் ஒட்டியபடியே வருகிறது. அதுவே சரி; கழுவிய கிழங்கில் ஈரம் தங்கினால் விரைவில் அழுகும், வலைப்பையில் வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகிக் கசக்கும். சணலோ வெளிச்சத்தைப் பெருமளவு மறைத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகிறது. மூன்று வாரம் கழித்தும் என் வீட்டில் இரண்டு கிழங்குகளே முளைவிட்டிருந்தன. பொரியலில் அவை குழையவில்லை.

19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில் இம்மலைக்கு வந்த இப்பயிர், படுகர் ஊர்களின் சரிவுகளில் விளைந்து, மூட்டைகளாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி ஏலம் போகும் பயிராக வளர்ந்தது. 1961இல் நீலகிரியில் உருளைச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்ட பின், அதைத் தாங்கும் குப்ரி சுவர்ணா போன்ற ரகங்கள் வந்தன. இத்தனை வரலாறுடைய கிழங்கின் பையில் ரகத்தின் பெயரும் அறுவடைத் தேதியும் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம். கேட்டபோது கடைக்காரர் இரண்டையும் தயங்காமல் சொன்னார். அதையே ஒரு சீட்டில் எழுதித் தையலோடு கோத்துவிடலாம்.