வீடு தேடிப் போகும் செவிலியருக்குச் சம்பளம் எங்கிருந்து?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். பக்கவாதத்தில் படுத்த படுக்கையான ஒரு பாட்டிக்கு முதுகில் புண். பிள்ளைகள் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். பஞ்சும் கட்டுத்துணியும் பெரிய செலவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டு மாற்ற வருகிற செவிலியரின் மாதச் சம்பளமும் வண்டிப் பெட்ரோலும்தான் செலவு. அதனால் எந்த நிதியைப் பற்றிப் பேசினாலும் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: மூன்றாவது வருஷத்து ஐப்பசி மழையிலும் அந்தச் செவிலியர் வருவாரா?

முதலில் கம்பெனிப் பணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, சட்டம் சொல்லும் அளவைத் தாண்டிய பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது அதே சட்டம். 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக இருக்கும் டெல்டாவில் ஆலைகள் எத்தனை? நிலத்தைக் காக்க அந்தச் சட்டம் அவசியம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கம்பெனிப் பணம் இங்கே தானாக வராது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வந்தாலும், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக 3 ஆண்டுக்கு மேல் ஒரு திட்டத்தை நீட்ட விதியில் இடமில்லை. நான் உடனிருந்த குழு ஒன்றுக்கு இப்படித்தான் வேன் வந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் டிரைவர் சம்பளத்துக்கு வழியில்லாமல் வேன் நின்றது. நோயாளிகள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வெளிநாட்டு நன்கொடை, 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினக் கரையில் பெருகி வந்து வடிந்துபோனது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெரிய தொண்டு நிறுவனம் வாங்கிய பணத்தைச் சிறிய ஊர்க்குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். வீட்டில் கிடக்கும் பாட்டிக்கு அதிலிருந்து கட்டு மாற்ற முடியாது.

மிஞ்சுவது இரண்டு: அரசுப் பணம், ஊர்ப் பணம்.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்தது. வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. மாத்திரை கொண்டுவரும் பெண்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. அவர்கள் உழைப்புக்கு அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஆட்சி மாறினால் நின்றுவிடும் என்று பயப்படுகிறவர்கள் 108 ஆம்புலன்ஸைப் பார்க்கட்டும். 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்தது, ஆட்சிகள் மாறியும் ஓடுகிறது. மக்களுக்குப் பழகிப்போன சேவையை நிறுத்த யாரும் எளிதில் துணிய மாட்டார்கள்.

ஊர்ப் பணத்தின் அழகு வேறு. தை, மாசியில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் கைக்கு வரும்போது வீட்டுக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்கலாம். கேரளத்தின் மலப்புரத்தில் சிறு நன்கொடைகளைச் சேர்த்துத்தான் வலி தணிப்புச் சேவையை வளர்த்தார்கள். ஆனால் மேட்டூர் திறக்காத வருஷத்தில் இங்கே உண்டியல் காலி. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஊர்க்கணக்கை யார் எழுதுகிறார்களோ அவர்கள் தெருவில்தான் பணம் முதலில் நிற்கும். ஆதிதிராவிடர் தெருவில் படுத்திருக்கும் கூலித் தொழிலாளிக்குக் கடைசியில் மிச்சம்தான். களத்துமேட்டில் படி அளந்த காலத்திலும் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற வரிசை இருந்தது. அது இதற்குள் வரவே கூடாது.

எனவே என் தேர்வு இதுதான். சம்பளம் முழுக்க அரசுடையது, அதில் பேரமே கூடாது. கேரளத்தில் உள்ளாட்சிகள் வீட்டுச் சிகிச்சைச் செவிலியரை அமர்த்துகின்றன, நம் ஊராட்சிகளுக்கும் அந்த அதிகாரமும் பணமும் வேண்டும். 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு உள்ளாட்சிகள் வழியான சுகாதார மானியமாக 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்ததே, வழி இருக்கிறது என்பதற்குச் சாட்சி. கம்பெனி தந்தால் கட்டில், காற்று மெத்தை போல ஒரு தடவைச் செலவுக்கு வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல், டயப்பர், பஞ்சு, நோயாளி வீட்டு அரிசிக்கு ஊர்ப் பணம். அந்தக் கணக்கில் ஆதிதிராவிடர் தெரு மகளிர் குழுவின் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது.

ஜனவரி 26 கிராமசபை சம்பா அறுப்பு நேரத்தில்தான் வருகிறது. வரவு செலவு நோட்டை அன்றைக்கு எல்லாத் தெருக்காரர்கள் முன்னும் வாசித்துவிட்டு, அந்த வருஷத்து வசூலைத் தொடங்கலாம்.