ஏரிப் படகில் அரை நாள்: கடல் தூண்டில் பழகியவரின் மதிப்பீடு

கடலில் தூண்டில் போடுபவர் நங்கூரமிட்டுக் காத்திருப்பது, ஓதமும் நீரோட்டமும் மீனைத் தம் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும் என்ற நம்பிக்கையில்தான். ஏரியில் அந்த உதவி கிடைப்பதில்லை. மீன் இருக்கும் இடத்தைத் தேடிப் படகுதான் போக வேண்டும். போன இடத்தில் ஓசையின்றி நிற்கவும் வேண்டும். ஆகவே, வழிகாட்டியுடன் அரை நாள் வாடகைக்குக் கிடைக்கும் ஏரிப் படகுச் சேவை ஒன்றை மதிப்பிடும்போது, எத்தனை மீன் கிடைத்தது என்பதைவிட, அந்தப் படகு எப்படித் தேடியது, எப்படி நின்றது என்பதையே முதல் அளவுகோலாகக் கொண்டேன். அந்த வகையில் இச்சேவை எனக்கு நிறைவளித்தது. குறைகளும் உண்டு, அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன்.

படகு, தட்டையான அடிப்பாகம் கொண்ட அலுமினியப் படகு. கடற்படகின் கூரிய அடிப்பாகம் அலையைக் கிழித்துச் செல்வதற்கென அமைந்தது. தட்டையான அடிப்பாகமோ ஆழமில்லாத நீரிலும் செல்லும், எழுந்து நின்று தூண்டில் வீசும்போது அதிகம் சாயாது. காற்று வலுத்தால் மட்டும் நிலைமை மாறும். ஏரியின் அலை கடலலையைப் போல நீண்டு வராமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து வந்து மோதும் என்பதால், கடலில் பெரிய அலை பார்த்தவர்கள்கூட இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. கடல்நீரைவிட நன்னீரின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 விழுக்காடு குறைவு. அதே சுமையுடன் படகு சற்றுக் கூடுதலாகவே அமிழும். ஏறுவோர் எண்ணிக்கையில் இச்சேவையினர் கண்டிப்புடன் இருந்ததும், உயிர்காப்பு அங்கி அணியாமல் படகைக் கரையிலிருந்து எடுக்க மறுத்ததும் பாராட்டத் தக்கவை. தளத்தில் விரிப்பு போட்டிருந்தார்கள். ஈயக்குண்டு ஒன்று அலுமினியத்தின் மீது விழுந்தாலே அந்த ஒலி நீருக்குள் போய்விடும் என்பதால், அது அலங்காரத்துக்கானது அன்று.

இப்படகின் உண்மையான சிறப்பு அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், பொருத்தப்பட்டிருக்கும் மின்மோட்டார். இவ்வகை மோட்டார் புதியதன்று. இவற்றைச் செய்யும் அமெரிக்க நிறுவனமான மின் கோட்டாவின் (Minn Kota) தொடக்கம் 1934ஆம் ஆண்டுக்குப் போகிறது. புதியது, செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவியை அதனுடன் இணைத்திருப்பதுதான். ஒரு பொத்தானை அழுத்தினால், படகு நிற்கும் இடத்தை மோட்டார் நினைவில் வைத்துக்கொண்டு, காற்று தள்ளும்போதெல்லாம் தானே திசை திரும்பி, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், சில மீட்டர் வட்டத்துக்குள்ளேயே படகை நிறுத்தி வைக்கிறது. நங்கூரம் இறக்கினால் சங்கிலி ஒலிக்கும், சேறு கலங்கும், இடம் மாற்ற வேண்டுமென்றால் மீண்டும் இழுத்து ஏற்ற வேண்டும். இங்கே அவை ஒன்றும் இல்லை. பாசிப் படுகையின் ஓரமாக நின்று வீசுவதும், மீன் கடிக்கவில்லையென்றால் இருபதடி தள்ளி மீண்டும் நின்று வீசுவதும் இவ்வளவு இயல்பாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மோட்டார் பின்னாலிருந்து தள்ளாமல் முன்னாலிருந்து இழுப்பதால், மெல்லிய காற்றில் படகின் முகம் விலகுவதும் குறைவு.

முதற்குறை இங்கேதான். 12 வோல்ட்டில் இயங்கும் 55 பவுண்டு உந்துவிசை மோட்டாருக்கு ஒரே ஓர் ஈய அமில மின்கலம்தான் வைத்திருந்தார்கள். அவ்வகை மின்கலத்தைப் பாதிக்குமேல் வடிய விடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும் வேலையோ அதை விரைவாக வடித்துவிடும். பயணத்தின் பிற்பாதியில் காற்று எழுந்தபோது மோட்டார் தளர்ந்தது தெளிவாகத் தெரிந்தது. மாற்று மின்கலம் ஒன்றைப் படகில் வைக்க வேண்டும் என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

மீன் காட்டும் ஒலிக்கருவியைப் பொறுத்தவரை, கடலில் பழகியவர் தம் அளவீடுகளை அப்படியே இங்கே கொண்டுவருவது பொருந்தாது. கடல்நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்பேட், 200 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் ஒலியைக் கணிசமாக உறிஞ்சிக்கொள்கிறது. நன்னீரில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆகவே கருவியை நன்னீர் அமைப்புக்கு மாற்றி, உணர்திறனையும் குறைத்தால்தான் திரை தெளிவாகும். வழிகாட்டி இதைச் செய்துகாட்டியதோடு, திரையின் நடுவே மங்கலாக ஓடிய கிடைக்கோட்டையும் சுட்டிக்காட்டினார். வெயிலில் சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும் எல்லை அது. சத்து மிகுந்த ஏரிகளில் கோடைக்காலத்தில் அதற்குக் கீழே உயிர்வளி வற்றிவிடுவதால், மீன்கள் பெரும்பாலும் அதற்கு மேலேயே நிற்கும். தரைவரை ஈயத்தை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் கடல் வழக்கம் அங்கே பயனற்றது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் விளக்கியிருக்க முடியாது. எனக்குக் கிடைத்த நல்ல கெண்டைகள் அனைத்தும் அந்தக் கோட்டுக்கு மேலே, இடைநீரில் கடித்தவையே.

தூண்டில் கருவிகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2500 அளவு ரீலும், 10 பவுண்டு நரம்பும், மென்மையான கோலும் கொடுத்தார்கள். கடலுக்குரிய கனத்த கோலைக் கொண்டுபோனால் பத்து கிராம் எடையுள்ள செயற்கை இரையை வீசவே முடியாது. ஆனால் நரம்பின் முனைப்பகுதி உராய்ந்து சொரசொரப்பாக இருந்தது. இது இரண்டாவது குறை. புது நரம்பையும் சில முட்களையும் சொந்தமாக எடுத்துச் செல்வது நல்லது. ரீலின் இழுவிசையை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது கடலிலும் ஏரியிலும் ஒன்றுபோலவே பொருந்தும்.

கரை திரும்பியதும் வழிகாட்டி படகின் அடித்தண்ணீர் முழுவதையும் வடித்து, மோட்டாரில் சுற்றியிருந்த பாசியை அகற்றி, படகை வெயிலில் காயவிட்டார். இதைச் செய்யாத சேவையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 1980களில் வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நுழைந்த வரிக்குதிரைச் சிப்பி, கண்ணுக்குத் தெரியாத இளம்பருவத்தில் இப்படித் தேங்கிய நீரின் வழியாகவும் படகில் தொற்றிக்கொண்டும் ஏரிவிட்டு ஏரி பரவியது. சொந்தக் கடற்படகை ஏரியில் நிரந்தரமாக விடக் கருதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அரிப்பைத் தடுக்கப் படகில் பொருத்தும் துத்தநாகக் கட்டி உப்பு நீருக்கானது. நன்னீரில் அது சரிவர வேலை செய்யாது. மக்னீசியக் கட்டியாக மாற்றிய பிறகே படகை இறக்க வேண்டும்.