திருப்பூர் ஃப்ரீ பஸ்: காலைக்கு நாலரை ஸ்டார், இராத்திரிக்கு இரண்டு

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். வீடு ஊருக்கு வெளியே, டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மகளிர் விடியல் பயணத்துக்கு மார்க் போடச் சொன்னால் காலை வண்டிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். இராத்திரிக்கு இரண்டைத் தாண்டாது.

2021 மே மாதம் ஸ்டாலின் பதவியேற்ற கையோடு கையெழுத்துப் போட்ட திட்டம் இது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். விடியல் பயணம் என்று 2023-இல்தான் பேர் வைத்தார்கள். எங்கள் ஊரில் இன்றைக்கும் அது ஃப்ரீ பஸ்தான்.

ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கெடுத்துச் சொன்னது. சிலிண்டர் காசு அது, வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. முன்பெல்லாம் எந்தக் கம்பெனி வேன் நம் ஊருக்கு வருகிறதோ அங்கேதான் வேலை. கைக்காசு போட்டுப் பஸ்ஸில் போனால் கட்டாது. நான் இருந்த ஒரு கம்பெனியில் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கேட்டால், "அதான் வேன் வருதில்ல, அப்புறம் என்னம்மா?" என்பார் சூப்பர்வைசர். அந்த வேனும் வேலை முடிந்தவுடன் கிளம்பாது. கடைசி பீஸ் அட்டைப்பெட்டிக்குள் போகும்வரை எல்லோரும் வாசலில் குந்தியிருப்போம்.

இப்போது அந்தப் பேச்சு என்னிடம் செல்லாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் நடக்கிற தூரத்தில் எத்தனையோ கம்பெனி, பாதி கேட்டில் 'ஆட்கள் தேவை' அட்டை. ஒரு சனிக்கிழமை சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை வேறு கேட்டில் போய் நின்றேன். கூட்டிக் கேட்ட இருபது ரூபாய் அங்கே பேரம் இல்லாமலே கிடைத்தது.

காலை வண்டியில் உட்கார இடமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். தூக்குப்போசியை யார் மடியிலாவது கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். கண்டக்டர் காசு வாங்காவிட்டாலும் சீட்டு கொடுப்பார், வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் அரசு போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் தருகிறது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 3,600 கோடி ஒதுக்கினார்கள். ஆக, யாராவது ஓசி என்று முணுமுணுத்தால், காசு கட்டிய டிக்கெட்தான் என்று சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன்.

இராத்திரிக்கு ஏன் இரண்டு? இங்கே ஒரு ஷிப்ட் என்றால் சாயங்காலம் ஐந்தரைவரை, ஒன்றரை ஷிப்ட் என்றால் எட்டரைவரை. ஆர்டர் நெருக்குகிற நேரத்தில் அந்த அரை ஷிப்டில்தான் நாலு காசு பார்க்க முடியும். எட்டரைக்கு மேல் எங்கள் பக்கம் சாதாரண வண்டி அபூர்வம். தனியார் டவுன் பஸ் வரும், அதில் காசு. அதுவும் போய்விட்டால் ஆட்டோ, அரை ஷிப்ட் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். அதனால் ஒன்றரை ஷிப்ட் நிற்பது வண்டி வைத்திருக்கும் அண்ணனோ வீட்டுக்காரரோ உள்ளவர்கள்தான். டிக்கெட்டுக்குக் கொடுக்கும் கோடிகளில் கொஞ்சத்தை ஒன்பது மணிக்கு ஒரு டிரிப் கூடுதலாக விடச் செலவழித்தால் எங்கள் சம்பளமே மாறும். வண்டியே இல்லாத நேரத்தில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன?

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கண்ணாடியில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று ஒட்டியிருக்கிறதா பார்த்து ஏறுங்கள், அதே ஸ்டாப்பில் தனியார் வண்டியும் நிற்கும். எக்ஸ்பிரஸில் இது செல்லாது. திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. கம்பெனியில் சேரும்போது சம்பளத்தோடு, எட்டரைக்கு விட்டால் வீட்டுக்கு எப்படி அனுப்புவார்கள் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.