வீட்டுப்பாடம்: கூடவே உட்காருவதா, தள்ளி நிற்பதா?

தொடக்கப்பள்ளிக் குழந்தை வீட்டுப்பாட நோட்டைத் திறந்ததும் சில பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லித்தருவார்கள். சிலர் நேரத்தையும் இடத்தையும் ஒழுங்கு செய்துவிட்டு, கூப்பிட்டால் மட்டும் வருவார்கள். இன்னும் சிலர் டியூஷனில் சேர்த்துவிடுவார்கள். மூன்றுமே அக்கறையில் செய்வதுதான். ஆனால் பலன் ஒன்றல்ல.

வாசிப்பு என்றால் முதல் வழிக்கே என் ஓட்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில், பொறுமையாகக் கேட்க ஒரு பெரியவர் அருகில் இருக்க வேண்டும். தப்பாகப் படித்த சொல்லை உடனே திருத்தாமல் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தால், பல தடவை குழந்தையே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்ளும்.

கணக்குக்கு வந்தால் அதே வழி சறுக்குகிறது. என் மகளுக்குக் கழித்தல் கணக்கு வராதபோது, எனக்குத் தெரிந்த மாதிரி கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னேன். "டீச்சர் இப்படிச் சொல்லலையே" என்று கண் கலங்கிவிட்டாள். வகுப்பில் பத்து பத்தாகப் பிரித்துக் கழிக்கப் பழக்கியிருக்கிறார்கள். இரண்டு முறைக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொண்டாள்.

2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முதல் இரண்டு வகுப்புகளில் படித்த 438 குழந்தைகளைக் கவனித்தது. கணக்கென்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவியபோது, அவர்களின் குழந்தைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கணக்குக் கற்றார்கள்; கணக்குப் பயமும் கூடியது. அதே பயம் இருந்தும் அடிக்கடி தலையிடாத பெற்றோரின் பிள்ளைகளிடம் இந்தப் பாதிப்பு தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெற்றோர் திருத்தி அனுப்பிய, ஒரு தப்பும் இல்லாத நோட்டைப் பார்க்கும் ஆசிரியர், குழந்தைக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

அதனால் கணக்கில் தள்ளி நிற்பதே மேல். தள்ளி நிற்பது என்றால் கைகழுவுவது அல்ல. தினமும் ஒரே நேரம், டிவி அணைத்த அறை, பெரியவர் கையில் பென்சில் இல்லை. குழந்தை தடுமாறினால் விடையைச் சொல்லாமல், "இதுவரைக்கும் எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்க வேண்டும். சொல்லச் சொல்லப் பிழை அதற்கே தெரிந்துவிடும். வகுப்பு ஒன்றுக்குத் தினமும் பத்து நிமிடம் வீதம் என்பது வீட்டுப்பாட ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் ஆதரிக்கும் அளவு; மூன்றாம் வகுப்புக்கு 30 நிமிடம். அதைத் தாண்டினால் நோட்டை மூடிவிட்டு, "இவ்வளவுதான் முடிந்தது, இந்த இடத்தில் தடுமாறினாள்" என்று ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பலாம். முடித்த பக்கத்தைவிட அந்த இரண்டு வரி அவருக்கு உதவும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம், அதிகம் படிக்காத அம்மா அப்பாவும் இதை முழுமையாகச் செய்ய முடியும் என்பது. கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் வந்த அலசலிலும், பிள்ளை நன்றாகப் படிக்கும் என்ற பெற்றோரின் எதிர்பார்ப்புக்குத்தான் தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. வீட்டு மேற்பார்வைக்கு மிகக் குறைவு. சரி, பின்தங்கும் பிள்ளையைத்தான் வீட்டில் அதிகம் மேற்பார்வை செய்வார்கள், அதனாலும் அந்தத் தொடர்பு குறைவாகத் தெரியலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தள்ளி நின்றாலும், ஒன்றாம் வகுப்பில் கேள்வியையே வாசிக்கத் தெரியாத குழந்தைக்குக் கேள்வியைப் படித்துக் காட்டத்தான் வேண்டும்.

டியூஷனைப் பொறுத்தவரை, உடம்பு சரியில்லாமல் பல நாள் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குக் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளலாம். வருடம் முழுக்க, தினமும் என்றால் விளையாட்டு நேரம்தான் போகிறது.

எந்த வழியில் போனாலும் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே மார்க்கை மட்டும் விசாரித்துவிட்டு வருவதைவிட, "கழித்தலை வகுப்பில் எப்படிச் சொல்லித்தருகிறீர்கள்?" என்று கேட்டால், அன்று மாலையே வீட்டில் பயன்படும்.