பரங்கிமலை காலை ஏற்றம்: ரோடு வேண்டாம், படியில் ஏறுங்கள்

மீனம்பாக்கத்தில் அடுத்த விமானத்துக்கு நாலைந்து மணி நேரம் இருக்கிறதா? காலை வேளையாகவும் இருந்தால் பரங்கிமலைக்குப் போய் வரலாம். உயரம் சுமார் 300 அடிதான். டிரெக்கிங் ஆசையோடு வருபவர்களுக்கு இது பத்தாது; அவர்கள் நாகலாபுரம் பக்கம் போகட்டும்.

விமான நிலைய மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் ஆலந்தூர். அங்கிருந்து ஆட்டோ. பரங்கிமலை என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே என்று அங்கே போய் இறங்க வேண்டாம். மலையடிவாரத்துக்கு அங்கிருந்து தூரம் அதிகம். ஆட்டோக்காரரிடம் "படிக்கட்டுப் பக்கம், ஆர்ச் வாசல்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "மலைக்கு" என்று மட்டும் சொன்னால் பின்பக்க ரோடு வழியாக உச்சியிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். பிறகு ஏறுவதற்கு என்ன இருக்கிறது?

வடக்கு அடிவாரத்தில் 1547 என்று பொறித்த சிலுவை வைத்த வளைவு வாசல் இருக்கிறது. அதிலிருந்து சுமார் 160 கல்படிகள். 18ஆம் நூற்றாண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் செலவில் கட்டிக்கொடுத்தது; சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே இருந்த பழைய பாலமும் அவர் கொடைதான். படிகள் அகலம், உயரம் குறைவு. அதனால் பலரும் முதல் பாதியை வேகமாக ஏறிவிட்டு நடுவில் மூச்சு வாங்கி நிற்கிறார்கள். வழியில் சிலுவைப் பாதையின் 14 நிலைகள் உண்டு. ஜெபிப்பவர்கள் ஒவ்வொன்றிலும் நிற்பார்கள்; நீங்களும் அந்த வேகத்திலேயே ஏறினால் பதினைந்து நிமிடம், மூட்டுக்கும் நல்லது. மழை பெய்திருந்தால் இறங்கும்போதுதான் ஆபத்து, தேய்ந்த கல் வழுக்கும். ரப்பர் செருப்பு உதவாது. டிராலி பெட்டியோடு இந்தப் பக்கம் வரவே கூடாது.

காலடியில் கிடக்கும் கருநிறப் பாறையையும் கவனியுங்கள். சார்னோகைட் என்ற பெயர் உலகப் புவியியலுக்குப் போனது இந்த வட்டாரக் கல்லால்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கு வைத்தது இந்த வகைக் கல்; பெயர் வந்தது அவரால்தான்.

உச்சி என்பது ஆலய வளாகம், பூங்கா இல்லை. அதன் நேரத்துக்குத்தான் உள்ளே போக முடியும். ஜனவரியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் வருகிறது, அதனால் உதயம் பார்க்க வாய்ப்புண்டு. மே கடைசியில் 5.40-க்கெல்லாம் உதித்துவிடும், அந்த ஆசையை விட்டுவிட்டு வெயில் ஏறும் முன் இறங்கினால் போதும். ஜனவரியிலும் ஒரு சிக்கல்: பனிமூட்டம். போகியன்று புகையும் சேர்ந்துகொண்டால் எதிரே கத்திப்பாரா மேம்பாலம்கூடத் தெரியாது.

காட்சி தெளிவாக இருந்தால் தெற்குப் பக்கம் போய் நில்லுங்கள். மேற்கிலிருந்து காற்று வீசும் ஜூன், ஜூலை காலைகளில் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து இறங்கும். மலையைக் கடக்கும்போது கிட்டத்தட்ட நம் கண் மட்டத்துக்கே வந்துவிடும். இந்த ஏற்றத்தில் காசு கொடுத்துக்கூடப் பார்க்கலாம் என்று சொல்லத்தக்கது இதுதான், அதுவோ இலவசம். சுற்றிலும் ராணுவ இடம், பக்கத்தில் ரன்வே. டிரோனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலையும் மேலேதான் இருக்கிறது. எவரெஸ்ட்டை அளப்பதில் போய் முடிந்த பெரிய நில அளவையின் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் நேர்கோட்டை, அவர் 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையருகே அளக்கத் தொடங்கினார். வருபவர்களில் பாதிப் பேர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். ஆலயம் 1523-இல் போர்த்துகீசியர் கட்டியது. பலிபீடத்தில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை உண்டு. பூசை நடக்கும்போது அதைப் பார்க்க முன்னால் போய் நிற்பது மரியாதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும், சாதாரண நாளே வசதி.

அரை லிட்டர் தண்ணீர் போதும். டிபனை ஆலந்தூர் பக்கம் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பொங்கலை விழுங்கிவிட்டுப் படியேறுவது வேதனை. மெட்ரோ, ஆட்டோ, ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். செக்யூரிட்டி வரிசைக்குத் தனியாக இரண்டு மணி. புனித வெள்ளி, டிசம்பர் 18 திருவிழா இரண்டு நாளும் படியில் நடக்கவே இடம் இருக்காது. வேறு நாள் பாருங்கள்.