மாடு அறுப்புக்கூடத்துக்கா, பெருநாளுக்கா?

மலேசியாவில் பினாங்கின் செபராங் பிறைப் பக்கம் நாலைந்து மாடு வைத்திருப்பவருக்கு விற்க இரண்டு வழி. அறுப்புக்கூடத்துக்கு ஆண்டு முழுதும் மாடு போகும். ஆனால் அங்கே எடைக்குத்தான் காசு. உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் இறைச்சியாகத் தேறும் என்று வைத்தே வியாபாரி விலை பேசுவார். போதாக்குறைக்கு, இந்தியாவிலிருந்து வரும் உறைந்த எருமை இறைச்சி மலிவு.

ஹஜ்ஜுப் பெருநாள் கதை வேறு. அன்று கொடுக்கும் குர்பானி என்ற பலிக்கு ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம் என்பதால் கேட்பு ஒரேயடியாக ஏறும். மாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். வாங்க வருபவர் வாயைத் திறந்து பல்லைத்தான் முதலில் பார்ப்பார். நடுப்பல் இரண்டும் விழுந்து முளைத்திருந்தால் சரி. கெடா-கிளந்தான் என்ற உள்நாட்டு இன மாடு சிறுகூடு. எடைக்குப் போட்டால் அடிவாங்கும், பங்குக்கு என்றால் தப்பிக்கும். என்னைக் கேட்டால் அதைப் பெருநாள்வரை வைத்திருக்கலாம். நொண்டும் மாடு குர்பானிக்கு ஆகாது. அதற்குத் தீவனம் போட்டுக் காத்திருப்பது வீண்.