பிள்ளைக்கு கரப்பான் (எக்ஸிமா, தோல் அரிப்பு) களிம்பு ஆன்லைன்ல வாங்குறவங்க இத படிச்சிட்டு வாங்குங்க (எனக்கு 240 வெள்ளி, அதாவது ரிங்கிட், போச்சு)

கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நாங்க மலேசியாவுல பட்டர்வொர்த் பக்கம். பையனுக்கு ஏழு மாசம். கன்னம், நெத்தி, முட்டி எல்லாம் செவந்து பொருக்கு தட்டி ராத்திரி பூரா சொறிஞ்சிகிட்டே இருப்பான், தலகாணி உறையில ரத்தக்கறை. மாமியார் இது கரப்பான், பத்தியம் இருன்னு சொல்லி என்னை கத்திரிக்கா கூட சாப்பிட விடல.

அப்பதான் லைவ் போட்டு மூலிகை சாமான் விக்கிற ஒரு அக்காவ பாத்தேன். களிம்பு, எண்ணெய், சோப்பு ஒரு செட் 240 வெள்ளி. நான் ஒன்னும் கண்ண மூடிகிட்டு வாங்கல, ஸ்டீராய்டு (அரிப்பு, செவப்ப சட்டுனு அமுக்குற மருந்து) இருக்கான்னு நேராவே கேட்டேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, "தங்கச்சி, தண்ணிமலையான் மேல சத்தியம், வெறும் வேப்பிலை, குப்பைமேனி, மஞ்சள்தான், என் பேரனுக்கே இதத்தான் பூசுறேன், பிள்ளை பேரு சொல்லு கோயிலுக்கு போறப்ப அர்ச்சனை வெக்கிறேன்." முருகன் மேல சத்தியம் பண்ணிட்டு பொய் சொல்லுவாங்கன்னு யாருக்குலா தோணும்? அன்னிக்கே பேங்க்-இன் பண்ணிட்டேன்.

பூசுன கொஞ்ச நாள்லயே முகம் பளபளன்னு ஆயிடுச்சு, வீடே சந்தோஷம். போட்டோ கேட்டாங்க, அனுப்புனேன், கேக்காம கொள்ளாம அவங்க பேஜ்ல விளம்பரமா போட்டுட்டாங்க. களிம்பு தீர்ந்து நிறுத்துனதும் பாருங்க, முன்னாடி இருந்தத விட மோசமா, முகம் பூரா நெருப்பா செவந்து வாய சுத்தி பொரிப்பொரியா வந்து பிள்ளை கத்துறான்.

கேட்டா "உள்ள இருக்கிற விஷம் வெளிய வருதும்மா, நல்லதுதான், ரெண்டாவது செட் எடுத்துக்கோ." அப்புறம் "நீ மீன் சாப்பிட்டிருப்ப." காசு கேட்டேன், ப்ளூ டிக் மட்டும்தான். கமெண்ட்ல எழுதுனேன், அழிச்சிட்டு என்னை ப்ளாக் பண்ணிட்டாங்க. 240 வெள்ளி, என் புருஷன் ரெண்டு ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் பாத்த காசு அது.

கவர்மெண்ட் கிளினிக்ல 1 வெள்ளி கட்டிதான் காட்டுனேன். டாக்டர் டப்பாவ திருப்பி திருப்பி பாத்தாரு, பதிவு நம்பரே இல்ல. இவ்ளோ வேகமா மறைஞ்சி விட்ட உடனே இப்படி திரும்புனா வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்னு சந்தேகப்படுறாரு. கைப்பிள்ளைக்கு தோல் மெல்லிசு, எடைக்கு தோல் பரப்பு ஜாஸ்தி, அதனால மருந்து உடம்புக்குள்ள அதிகமா இறங்குமாம், நாள் கணக்கா பூசுனா தோல் இன்னும் மெலிஞ்சிடும், வளர்ச்சியே பாதிக்கலாம்னாரு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. அவரும் ஸ்டீராய்டுதான் குடுத்தாரு, ஆனா லேசான ஹைட்ரோகார்டிசோன், எத்தன நாள், எவ்ளோன்னு அளவு சொல்லி. மத்தபடி குளிப்பாட்டி ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர், நிறைய. அவ்ளோதான்லா, இதுக்கா 240 வெள்ளி!

என்னென்ன பாக்கணும்னு பெருசா எழுதலாம்னு உக்காந்தேன், பையன் எழுந்துட்டான், அவசரமா சொல்லிடுறேன். மருந்துன்னா டப்பால எம்ஏஎல்-னு (MAL) ஆரம்பிக்கிற பதிவு நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும், நம்பர என்பிஆர்ஏ (NPRA, மருந்த பதிவு பண்ற அரசாங்க அமைப்பு) வெப்சைட்ல அடிச்சி பாருங்க. என்ஓடி (NOT) நம்பர்னா அது காஸ்மெட்டிக், கரப்பான் குணமாகும்னு சொல்லி விக்கவே கூடாது. ஏற்கனவே பூசிட்டு இருக்கிறவங்க டப்பாவோட டாக்டர்கிட்ட போங்க, தூக்கி போட்டுடாதீங்க. ரிசிட், சாட், வாய்ஸ் எல்லாம் சேவ் பண்ணி வைங்க.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டுனா போதும், வக்கீல் வேணாம், நான் கேஸ் போடப்போறேன். ஆனா அதுக்கு அந்த அக்காவோட அட்ரஸ் வேணுமே, என்கிட்ட இருக்கிறது பேங்க் அக்கவுண்ட் பேரு மட்டும்தான், அதுவும் யாரோ ஒரு ஆம்பளை பேரு. இந்த பச்சை டப்பா செட்ட நேர்ல போயி வாங்குனவங்க யாராச்சும் இருந்தா பிஎம் பண்ணுங்க. என் பையன் போட்டோ இன்னும் அந்த பேஜ்லதான் இருக்கு.